முதுகில் இரண்டு பெருக்கல் குறி

நான் இருபது வருடம் வேலை பார்த்த குதிரை இனப் பாதுகாப்பு மையத்திலிருந்து போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இனிமேல் குட்டிகளுக்கு அடையாளப் படம் வரைவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அரிசி அளவில் ஒரு சிப்பைக் கழுத்தில் ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். பிடரி மயிரில் நாலைந்தைப் பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பழைய படங்களை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டிருந்தார்கள்.

பதில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. சிப் நல்ல ஏற்பாடு. படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகும் அந்தக் கோப்பில் இருக்கும் ஒரு தாளைப் பற்றிய நினைப்பு போகவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு. டவுனில் உப்பளம் பகுதியில் ஒரு பொறியாளரிடம் பதினான்கு வருடம் வீட்டு வரைபடம் போட்டேன். கணினி வந்ததும் அவருக்கு நான் தேவைப்படவில்லை. அப்போதுதான் குதிரை மையத்தில் ‘கோடு சுத்தமாகப் போடத் தெரிந்த ஆள்’ தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அதுவரை நான் குதிரையைத் தொட்டதில்லை. முதல் மூன்று மாதம் அது மூச்சு விட்டாலே பின்னால் நகர்ந்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது. பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

மையத்தில் இருந்தவை கத்தியவாரிக் குதிரைகள். இரண்டு காது நுனிகளும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் பார்ப்பவர்கள் “கொம்பு மொளைச்சிருக்கு” என்பார்கள். இவற்றின் சொந்த மண் மேற்கே வெகு தூரத்தில் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைந்துபோன இனம் என்பதால், அங்கே ஒரு தொற்று வந்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று அஞ்சி, ஒரு சிறு கூட்டத்தைத் தள்ளி வைத்து வளர்க்க யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை முதலியார்பேட்டை தாண்டி, ஒரு பழைய சவுக்குத் தோப்பில் வந்து நின்றது.

எங்கள் பதிவேட்டில் ஆண்டுகளுக்கு எழுத்துதான் அடையாளம். பிரெஞ்சுக் குதிரை வளர்ப்பவர்களிடம் உள்ள வழக்கம் இது: ஒரு வருடம் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர். எங்கள் தலைமை மருத்துவர் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்று ஒன்பது எழுத்து. ஜனவரி முதல் தேதி எழுத்து மாறும். வ முடிந்தால் மறுபடி க. நான் சேர்ந்தது ஒரு ச வருடம். முதலில் வரைந்த குட்டியின் பெயர் சங்கு. ஞ வருடம் எல்லாருக்கும் திண்டாட்டம். ‘ஞாயிறு’ என்று பெயர் வாங்கிய ஓர் ஆண் குட்டியை, “நாயிறு, நாயிறு” என்றே குதிரைக்காரர்கள் கடைசிவரை கூப்பிட்டார்கள்.

தலைமை மருத்துவரின் பெயர் செலின். ஆனால் எல்லாருக்கும் அவர் மதாம்தான். குரலை உயர்த்தியதே இல்லை. குதிரைக்கு முன்னால் நின்று விலை பேசக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அதற்குக் காரணம் கேட்டால், “உன் சம்பளத்த உன் பக்கத்துல நின்னு யாராவது பேசினா உனக்கு எப்படி இருக்கும்?” என்பார். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக “வுவாலா” என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

விலை வைக்கும் முறையும் அவருடையதுதான். குட்டி தாய்ப்பால் மறந்த மறுநாள் விலை எழுதுவோம். கொள்ளு, தவிடு, புல், லாடம், தடுப்பூசி என்று அந்தக் குட்டிக்கு ஒரு வருடத்துக்கு அன்றைய சந்தை நிலவரப்படி என்ன ஆகுமோ, அதுதான் விலை. நிறம், உயரம், காது வளைவு எதற்கும் கூடுதல் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒன்று. “வெல நமக்கு இல்ல, கிரிஜா. ஒரு வருஷத் தீனிய ஒரே தடவையா எடுத்து வெக்க முடியுதான்னு பாக்கறதுக்கு” என்று சேர்ந்த புதிதில் எனக்கு விளக்கினார்.

விலை சொல்வதற்கு முன் கேட்பவரின் இடத்தைப் பார்க்கப் போவோம். முதல் சுற்று ம வருடத்தில், மாதுளை என்ற குட்டியைக் கேட்டுக் கடலோரத்தில் பெரிய விடுதி வைத்திருந்த ஒருவர் வந்தார். போய்ப் பார்த்தோம். லாயத்துக்கு வழவழவென்று ஓடு பதித்து, மின்விசிறி மாட்டியிருந்தார். மதாம் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுகூட வேற என்ன நிக்கும்?”

“வேற ஒண்ணும் நிக்காது, மதாம். இதுக்கே தனி இடம். வேணும்னா ஏ.சி. போட்டுத் தரேன்.”

“ஆடு இருக்கா?”

“ஆடா? கெஸ்ட்டுங்க வர்ற எடத்துல ஆடு எப்படி மதாம்...”

“கழுத?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், வழுக்கும் தரை.

“குதிர தனியா நிக்காது, முசே. வுவாலா.”

நாங்கள் சொல்லும் விலையைப் போல ஐந்து மடங்கு தர அவர் தயாராக இருந்தார். மாதுளை போய்ச் சேர்ந்தது காதர் பாயிடம். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுபவர். மூன்று தலைமுறையாக டவுனில் அதுதான் அவர்கள் தொழில். முற்றம் குறுகல், கூரையில் இரண்டு தகரம் இல்லை. ஆனால் தொட்டியின் அடியில் பாசி இல்லை. ஒரு கிழட்டுக் குதிரையும் நாலு ஆடும் நின்றன. மதாமைப் பார்த்ததும் ஆட்டில் ஒன்று வந்து அவர் புடவைத் தலைப்பைத் தின்ன ஆரம்பித்தது. அன்றே விலை சொன்னார்.

இனி என் வேலை. குட்டி பிறந்து பதினைந்து நாளுக்குள் அடையாளப் படம் வரைய வேண்டும். ஒரே தாளில் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், முதுகு, கழுத்தின் அடி, பின்னங்கால் எல்லாம் வெறும் கோடாக அச்சிட்டிருக்கும். வெள்ளை இருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் கோடிட வேண்டும். மயிர் சுழித்திருக்கும் இடத்தில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. கண்ணால் பார்த்தால் போதாது. தாய்க்குதிரையைக் குதிரைக்காரர் பிடித்துக்கொள்ள, குட்டியின் உடம்பெங்கும் விரலால் தடவி, மயிர் எதிர்த்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டட வரைபடத்தில் ஒரு தூண் தவறினால் பொறியாளர் கூப்பிட்டுத் திட்டுவார். இங்கே தவறினால் திட்ட ஆள் கிடையாது. அதனால்தான் இரண்டு தடவை தடவிப் பார்ப்பேன்.

இரண்டாவது சுற்று ப வருடம், மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பிறந்தவள் பவளம். உடம்பு முழுக்கச் செம்பட்டை. நெற்றியில் பொட்டு வெள்ளை இல்லை, காலில் வளையம் இல்லை. பிடரி முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சுழி. ஒரே அளவு, ஒரே நேர்கோடு. இவ்வளவு அழகாக எதிரெதிரே விழுந்த சுழிகளை நான் பார்த்ததில்லை. அளவுகோல் வைத்துக் குறித்தேன். அந்தத் தாளைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமை.

பவளத்தின் தாய்க்கு வயதாகிவிட்டது, இனி ஈனாது. அந்தத் தாய்வழியில் மிஞ்சிய ஒரே பெண் பவளம். மையத்திலேயே வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் எங்களிடம் இருந்த ஒரே ஆண் குதிரைதான் அவளுக்குத் தகப்பன். வேறு ஆண் குதிரை இருக்கும் இடத்துக்குப் போய், அங்கே அவள் ஒரு குட்டியாவது போட்டால்தான் அந்த வழி நிற்கும். கேட்டு வைத்திருந்தவர்கள் ஏழு பேர். இடம் பார்க்கும் வேலையைச் சுலபமாக்கலாம் என்று நானாகவே ஒரு காரியம் செய்தேன். பவளத்தின் அடையாளப் படத்தை ஏழு நகல் எடுத்து, ஏழு பேருக்கும் முன்கூட்டியே அனுப்பினேன். அதற்கு முன் அந்தத் தாள் எங்கள் கோப்பை விட்டு வெளியே போனதில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் அடங்கிப் போனார்கள். பத்தாம் நாள் அந்த ஏழு பேரில் ஒருவரான செல்வராசு பாகூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். நெல்லும் கரும்பும் வைத்துக்கொண்டு, பகலில் டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவரிடம் நல்ல கத்தியவாரி ஆண் குதிரை ஒன்று இருந்தது. எங்கள் குதிரைகளோடு உறவில்லாதது. பவளத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

“படம் சூப்பரா போட்டிருக்கீங்கக்கா. அதான் பிரச்சன.”

“என்ன பிரச்சனை, செல்வராசு?”

“முதுவுல ரெண்டு போட்டிருக்கீங்களே, அது பாடச் சுழிக்கா. ரெண்டு பக்கமும் தோள் குடுத்துத் தூக்கறாப்புல. ஊட்ல சாவு வுழும்பாங்க. நான் இதெல்லாம் பெரிசா பாக்கறவன் இல்ல. ஆனா எங்கண்ணனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயி ரெண்டு மாசந்தான் ஆவுது. நீங்களே சொல்லுங்க.”

குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெருக்கல் குறியும் அவர்கள் பார்க்கும் சுழியும் ஒன்றுதான் என்பது பதின்மூன்று வருடமாக எனக்கு உறைக்கவே இல்லை.

காதர் பாயிடம் போய்க் கேட்டேன். தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“எனக்கு இதுல நம்பிக்க கெடையாதும்மா. ஆனா பொண்ணு ஊட்டுக்காரன் ஒருத்தன் சேணத்தத் தூக்கிப் பாத்துட்டான்னு வெய்யி, அதோட என் சாரட்டு ஷெட்டுல நிக்க வேண்டியதுதான். ஒண்ணு பண்ணு. சவ வண்டி வுடறவன் யாராவது இருந்தா கேளு. அவனுக்கு ராசியான குதிர.”

சிரித்துவிட்டு, நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆவணியில் பவளம் பால் மறந்தாள். ஐப்பசி முடிவதற்குள் இடம் அமையாத குட்டிகளைத் தரகரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம். தரகர் சந்தைக்கு ஓட்டிப் போவார். அதற்குப் பிறகு அந்தக் குதிரை எந்த ஊரில், யாரிடம், எந்த வண்டியில் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தாய்வழியும் அதோடு முடிந்துவிடும்.

குழுவின் செயலாளர் கெட்டவர் அல்ல; அவருக்கும் பவளம் மேல் பிரியம் இருந்தது. ஒரு நாள் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: “புதுசா ஒரு தாள் போட்டுடுங்களேன். அந்த ரெண்டு குறி மட்டும் இல்லாம. சேணம் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

புதுத் தாள் எடுத்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், முகம், எல்லாம் பார்த்து முடித்தேன், குறிக்க ஒன்றும் இல்லை. முதுகுக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்போது மதாம் உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லாத, கறுப்புக் குறியும் இல்லாத வெறும் குதிரைக் கோடு.

“இது யாரு, கிரிஜா?”

“பவளம், மதாம்.”

“நாளைக்கு இது தொலைஞ்சி போச்சி. யாரோ கொண்டாந்து நிறுத்தறாங்க. பவளந்தான்னு எத வெச்சிச் சொல்லுவ?”

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். “வுவாலா” சொல்லவில்லை. அதனால் பேச்சு முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். புதுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பழைய தாள்களைப் பார்ப்பது. பவளத்தின் தாயுடைய படத்தை எடுத்தேன். வேறு மையத்தில், வேறு யாரோ வரைந்தது. முதுகில் இரண்டு குறி. அதன் தாயுடைய படம், மை மங்கியிருந்தது. அதிலும் இரண்டு. பாட்டியும் தாயுமாக எங்களிடம் வருவதற்கு முன் ஐந்து வீடுகளில் இருந்திருக்கின்றன. சுழி பற்றிக் கிடைத்த பழைய நூல்களையும் அந்த மாதம் படித்தேன். ஒன்று நல்லது என்கிற சுழியை இன்னொன்று கெட்டது என்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு அந்த ஐந்து வீடுகளுக்கும் கடிதம் எழுதினேன், தொலைபேசியில் பேசினேன். எனக்குத் தெரியாத மொழிக்கு மதாம் துணைக்கு வந்தார். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை குதிரை அங்கே இருந்தது, அந்த நாட்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு ஒரு பட்டியல் போட்டேன். பிறப்பு, கல்யாணம், வீடு கட்டியது, பரீட்சையில் தேறியது, தவறியது.

இரண்டு சாவும் இருந்தன. ஒரு வீட்டில் எண்பத்தெட்டு வயதுப் பெரியவர். இன்னொரு வீட்டில் இருபத்தாறு வயதுப் பையன், சாலை விபத்து. அவன் அம்மா தொலைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதையும் தேதியோடு எழுதிக்கொண்டேன். பட்டியலைச் சுத்தப் பிரதி எடுக்கும்போது அந்த வரிக்கு வந்து மறுபடி கை நின்றது. இந்தத் தடவை சீக்கிரமே நகர்ந்தது.

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு, பட்டியலை எடுத்துக்கொண்டு மதாமும் நானும் பாகூர்ப் பக்கம் போனோம். செல்வராசு வாசலிலேயே எங்களை நிறுத்தப் பார்த்தார். அண்ணன் நடேசன் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். “உள்ள கூப்புட்றா. ஒளிச்சி வெச்சாத்தான் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிது.”

நடேசன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பட்டியலை வாங்கிப் படித்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். மூன்றாவது வீட்டில் நின்றார்.

“இங்க ஒருத்தர் செத்திருக்காரு.”

“ஆமாங்க.”

“எண்பத்தெட்டா?” தம்பியைப் பார்த்தார். “அதுவரைக்கும் வுட்டு வெச்சிருக்குன்னா நல்ல சுழிதான்டா.”

செல்வராசுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நடேசனின் விரல் அடுத்த வீட்டுக்குப் போய் நின்றது. இந்தத் தடவை வெகு நேரம் நின்றது.

“இந்தப் புள்ள குதிரைல போனானா?”

“மோட்டார் பைக்குங்க.”

“ம்.” தாளை மடித்தார். “ஏம்மா, இத எழுதாம வுட்டிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப் போவுது?”

“நடந்தது அதுங்க.”

“அப்ப மீதி எழுதினதும் நடந்ததுதான்.” அவர் தம்பி பக்கம் திரும்பினார். “ஆஸ்பத்திரில எனக்குக் கையெழுத்து வாங்கும்போது டாக்டரு நூறுல ரெண்டு பேருக்கு ஆவாதுன்னாரு. அப்பறமும் நீதான கைநாட்டு வெச்ச? இதுக்கு என்னாடா?”

“கையெழுத்துண்ணே. கைநாட்டு நீதான் வெப்ப.”

“சரிடா, படிச்ச புள்ள. போயி தொட்டியக் காட்டு. அந்தம்மா வந்ததுலேர்ந்து அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கு.”

மதாம் தொட்டிக்குள் கையை விட்டார். அடியைத் தடவினார். இரண்டு எருமையும் ஆண் குதிரையும் நிற்கும் இடத்தைப் பார்த்தார். குதிரையைத் தாண்டித் தள்ளி வந்து விலை சொன்னார்.

செல்வராசு தலையைச் சொறிந்தார். “சுழிக்காவ கொஞ்சம் தள்ளிக் குடுங்க, மதாம்.”

“சுழி இருக்குன்னா தீனி கம்மியாத் திங்குமா?”

கட்டிலிலிருந்து நடேசன் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி பயந்துபோய் ஓடி வந்து நெஞ்சைத் தடவிவிட்டார்.

“வுவாலா” என்றார் மதாம்.

அடுத்த புதன்கிழமை பவளம் போனாள். வண்டியில் ஏற மறுத்து அரை மணி நேரம் நின்றாள். பாகூரில் இறங்கியதும் எருமைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். முதல் குட்டி பிறந்தால் மையத்துக்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நடேசன் போட்டதும் கையெழுத்துதான்.

மதாம் ய வருடத்தில் ஓய்வு பெற்று மகளிடம் போனார். பாகூரிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை செல்வராசு கூப்பிடுவார். காதர் பாயும் எப்போதாவது, “உன் ராசிக்காரி எப்படி இருக்கா?” என்று கேட்பார். எனக்கு மூன்றாவது ச வருடம் வந்தது. தை மாதம், பொங்கல் முடிந்த ஆறாம் நாள் செல்வராசு கூப்பிட்டார். “பொண்ணுக்கா. நல்லா நிக்கிது.”

பன்னிரண்டாம் நாள் தாளும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். செல்வராசு பவளத்தைப் பிடித்துக்கொண்டார். குட்டிக்குச் செம்பருத்தி என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள், எழுத்தை மறக்கவில்லை. கழுத்தின் அடியிலிருந்து ஆரம்பித்துத் தடவிக்கொண்டே போனேன். நடேசன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருந்தார்.

பிடரி தாண்டி முதுகுக்கு வந்ததும் அவர் கேட்டார்: “இருக்காம்மா?”

இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

“இருக்குங்க. ரெண்டும்.”

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து என் தாளை எட்டிப் பார்த்தார்.

“நல்லா கருப்பாப் போடு. இன்னும் அம்பது வருஷம் கழிச்சிப் பாத்தாலும் தெரியணும்.”